கிரௌன் ஆயில்

கீழ் நட்டைக் கழற்றியதும் கறுப்பாக எண்ணெய் வரும் என்றுதான் இருவரும் எதிர்பார்த்தோம். வந்ததோ பால் அதிகம் விட்ட காப்பி. வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த என் வீட்டுக்காரர் குழந்தைவேலு, அது பழைய டால்டா டின்னில் கொழகொழவென்று விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் குனிந்து பார்த்தேன். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பதினோரு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். அந்த முகத்தை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், மெட்ராஸிலிருந்து இங்கே கப்பலில் வந்த மூன்றாம் நாள், வாந்தி எடுத்து ஓய்ந்த பிறகு.

"தண்ணி பூந்துருக்கு நீலா. உப்புத் தண்ணி" என்றார்.

"கிரௌனுக்குள்ள எப்படிங்க தண்ணி போகும்? மழை பெஞ்சு ரெண்டு மாசமாச்சே."

கேட்டு முடிப்பதற்குள் எனக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் வேனை உப்பங்கழிக்கு ஓட்டிப்போய் இறக்கிக் கழுவுவார். மாசி பிறந்தால் பாம்பூஃப்ளாட்டில் குடிக்கவே தண்ணீர் கிடையாது, வேன் கழுவ எங்கே போவது? ஊரில் அவர் வீட்டில் நாலு ஜோடி மாடு. வேலை முடிந்து வந்த மாட்டைக் கண்மாயில் வயிறு நனைய நிறுத்தி வைக்கோலால் தேய்த்துப் பழகிய கை. வேனையும் அப்படியே, ஓடிவந்த சூட்டோடு பின்சக்கரம் பாதி மூழ்க நிறுத்தி, பாட்டுப் பாடிக்கொண்டு தேய்ப்பார். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். "மாட்டுக்காரப் பயல்" என்று நான் கேலி செய்வேன். பின்சக்கரங்களை இணைக்கிற அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பிக்கொண்டிருக்கிறதே, அதைத்தான் டிரைவர்கள் கிரௌன் என்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்லெல்லாம் அதற்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். மாடு மூச்சு விடுகிற மாதிரி அதற்கும் மேலே ஒரு சின்ன ஓட்டை உண்டு என்பதும், சூடாக இருக்கும்போது தண்ணீரில் இறக்கினால் அது உறிஞ்சிக் குடித்துவிடும் என்பதும் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை விம்பர்லிகஞ்சிலிருந்து வரும்போது பின்னால் ஒரு முனகல் சத்தம் கேட்டதாகச் சொன்னார். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், டிஸ்பென்சரிக்குப் பின்னாலிருந்த வேன் கொட்டகையில், நாங்கள் இருவரும் திருடர்கள் மாதிரி வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். திருட்டு வேலைதான். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம், ஸ்பேனரைப் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். ரிப்பேர் என்றால் போர்ட்பிளேருக்கு எழுதிப் போட வேண்டும். எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். போன தடவை சோதனைக்கு வந்த ஓவர்சியர் ஜெகநாதன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இந்தப் பக்கத்தில் மெக்கானிக் இல்லை, இந்த வண்டியை இன்னொரு தடவை பார்ஜில் ஏற்றி அக்கரைக்கு இழுத்துப் போகும்படி ஆனால் அது அங்கேயே நின்றுவிடும், திரும்பி வராது என்று. போர்ட்பிளேர் டெலானிபூர் மேட்டில் இருக்கும் ஆபீஸ்காரர்களுக்கு ஒரு வேன் வேண்டும் என்று கண் உறுத்திக்கொண்டிருந்த சமயம் அது.

அவர்களுக்கு அது ஒரு வேன். எங்களுக்கு அப்படி இல்லை. அது வருவதற்கு முன்னால், ஃபெரார்கஞ்ச் பக்கத்திலிருந்து நோயாளி வந்தால் மரலாரியில், கட்டைகளுக்கு மேலே படுக்கவைத்துத்தான் கொண்டுவருவார்கள். டிஸ்பென்சரி ஆயா நான். எத்தனை தலைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த லாரியில் குலுங்கியிருக்கிறேன் என்று கணக்கில்லை. வேன் வந்த மூன்று வருஷத்தில் ஒரு தலையும் கட்டையில் இடிபடவில்லை. எங்கள் வேன் என்றுதான் சொல்வேன், அதில் எனக்கு வெட்கமே கிடையாது.

மறுநாள் திங்கட்கிழமை முதல் படகில் அதே ஜெகநாதன் மறுபடி சோதனைக்கு வருகிறார்.

"பழசு வடிஞ்சிருச்சுல்ல, புதுசை ஊத்துங்க" என்றேன். கொட்டகை அலமாரியில் தொண்ணூறாம் நம்பர் எண்ணெய் ஒரு டின் இருந்தது. மெயின்லேண்டிலிருந்து வந்தது. சரியாக ஒரு தடவைக்குத்தான் காணும்.

அப்போதுதான் இரண்டாவது இடி விழுந்தது. ஊற்றுவதற்கான மேல் நட்டு அசையவில்லை. உப்புத் துரு பிடித்து உடம்போடு உடம்பாக ஒட்டிப்போயிருந்தது. முதலில் மேல் நட்டைத் திறந்து பார்த்துவிட்டல்லவா கீழே இருப்பதை வடியவிட வேண்டும்! இவர் அவசரக் குடுக்கை. இருந்த கெட்ட எண்ணெயும் போய்விட்டது, நல்ல எண்ணெய் விட வழியில்லை. இப்போது வேன் கொட்டகையை விட்டு ஓர் அடி நகர முடியாது.

அவர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஓவர்சியர்கிட்ட சொல்லிர்றேன். நான்தான் கெடுத்தேன்னு. வேலை போனாப் போகட்டும்."

"வேலை போனா வேற வேலை. வேன் போனா? எந்திரிங்க" என்றேன். கோபத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டினோம். அரை மணி நேரம் ஊறவிட்டுச் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினார். ஸ்பேனரைப் போட்டு இழுத்தார். ஒல்லி மனிதர், நட்டு அவரைப் பார்த்துச் சிரித்தது. கிணற்றடியில் கிடந்த இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனர் பிடியில் சொருகினேன். குழாயின் நுனி வேனுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது.

"நீங்க ஸ்பேனர் நழுவாமப் பிடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குழாய் நுனியில் ஏறி நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு குதி குதித்தேன்.

டக்கென்று ஒரு சத்தம். எலும்பு முறிந்த மாதிரி கேட்டது. அவர் கை போய்விட்டது என்று பதறிக் குனிந்தேன். நட்டுதான், கால் சுற்றுத் திரும்பியிருந்தது. வேனுக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது.

"குண்டாயிட்டேன் குண்டாயிட்டேன்னு அழுதியே, இன்னிக்குத்தான் பலன்" என்றார். அடிக்கலாம் போலவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சிந்தினது போகட்டும் என்று உள்ளே மண்ணெண்ணெயைக் கையால் அள்ளி விட்டு, பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றி, வடித்து, மறுபடி விட்டு வடித்தோம். மூன்றாம் தடவை மண்ணெண்ணெய் தெளிவாக வந்தது. கீழ் நட்டை இறுக்கினார். எண்ணெய் ஊற்றத்தான் வழி தெரியவில்லை. மேல் நட்டின் துளை பக்கவாட்டில் இருக்கிறது, டின்னைச் சாய்த்து ஊற்றவும் முடியாது, புனலும் நிற்காது. அதற்கென்று ஒரு பம்ப் உண்டாம், போர்ட்பிளேர் காரேஜில். கையால் அள்ளி விட்டால் பாதி தரையில் போகும். அடுத்த டின் அடுத்த கப்பலில்தான்.

அவர் தேங்காய்ச் சிரட்டை, மூங்கில் குழல் என்று என்னென்னவோ யோசித்துக்கொண்டிருந்தார். நான் டிஸ்பென்சரி சாவியை எடுத்துக்கொண்டு போய் எனிமா டப்பாவைக் கொண்டுவந்தேன். வெள்ளைப் பீங்கான் பூசிய டப்பா, அடியில் நாலடி ரப்பர் குழாய், குழாயில் நிறுத்துகிற கிளிப். தினம் நான் கழுவிக் கவிழ்க்கும் சாமான்.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேனுக்கா?"

"ஏன், அதுக்கு மட்டும் வயிறு இல்லையா?"

எண்ணெய் டின்னை வெயிலில் வைத்துச் சூடேற்றினோம், இல்லாவிட்டால் தேன் பாகு மாதிரி கெட்டியாக இருந்து இறங்காது. டப்பாவை வேனின் பின்கதவுக் கொக்கியில் மாட்டினேன். அவர் அடியில் படுத்துக் குழாயைத் துளையில் சொருகிப் பிடித்துக்கொண்டார். நான் ஊற்ற ஊற்ற, நூல் பிடித்த மாதிரி மெல்ல இறங்கியது. அந்த எண்ணெய்க்கே உள்ள அழுகின முட்டை நாற்றம். ஒன்றரை மணி நேரம் அப்படியே நின்றேன். கை கடுத்தது. இவ்வளவு பெரிய வண்டிக்கு நான் பால் புகட்டுகிறேன் என்ற நினைப்பு வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலப் பெருமையாக இருந்தது. கடைசியில் துளை விளிம்பில் எண்ணெய் தளும்பி ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. "போதும், ரொம்பிருச்சு" என்று கத்தினார். தரையில் சிந்தியது அந்த ஒரு சொட்டுக்கு மேல் இருக்காது.

ஜெகநாதன் இங்கேயே பிறந்த மனிதர். அவருடைய தாத்தா காலாபானிக்குக் கைதியாக வந்தவர். தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பார். மறுநாள் காலையில் படகை விட்டு இறங்கி நேராகக் கொட்டகைக்கு வந்தார், டீ கூட வேண்டாம் என்றுவிட்டார். வெள்ளைச் சட்டையோடு வேனுக்கு அடியில் படுத்தவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவர் விரல் நுனியில் பொன் நிறத்தில் எண்ணெய் மின்னியது.

"இந்த நட்டு ரெண்டும் புதுசாக் கீறியிருக்கு. யாரு காடிய... வண்டியத் தொறந்தது?"

ஒன்றும் சொல்லக் கூடாது என்று ராத்திரி பேசி வைத்திருந்தோம். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. நிமிர்ந்து நின்றுகொண்டு, "நான்தான் சார். உப்பங்கழில எறக்கிக் கழுவுனேன், கிரௌனுக்குள்ள உப்புத் தண்ணி போயிருச்சு. கெடுத்தது நான். சரி பண்ணினது என் வீட்டுக்காரி" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் ஆண்பிள்ளை பிறந்த சேதி சொல்கிற மாதிரி இருந்தது அவர் குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓவர்சியர் என் பக்கம் திரும்பினார். "பம்ப் இங்க இல்லையே. எதுல ஊத்துனீங்க?"

"எனிமா டப்பாவுல சார்."

"க்யா?"

"எனிமா டப்பா. கழுவி, கொதிக்கவெச்சு வெச்சுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. விரலைத் துணியில் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார், பார்த்தார், எழுதாமலே திரும்ப வைத்தார்.

"தண்ணி எத்தனை நாள் உள்ள இருந்துச்சோ தெரியாது. பல்லைத் தின்னுருந்தா ஆயில் மாத்தியும் பிரயோஜனம் இல்ல. மேட்டுல ஏத்தினா சத்தம் வந்துரும். வந்தா இன்னிக்கே பார்ஜ்ல ஏத்திருவேன், மாலும்? புரியுதா?" என்றார். பிறகு என்னிடம், "முன்னாடி உக்காந்தா இன்ஜின் சத்தத்துல கேக்காது பெஹன்ஜி. நீங்க பின்னால தரையில காது வெச்சுக் கேளுங்க. கேக்குறத அப்படியே சொல்லணும். ஜூட் நஹீ" என்றார்.

"எனக்குப் பொய் சொல்ல வராது சார்" என்றேன். முதல் நாள் ராத்திரி பேசி வைக்கும் வரை அது உண்மையாகத்தான் இருந்தது.

ஓவர்சியரே வேனை ஓட்டினார். என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு, நோயாளியோடு வருகிற சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் பின்னால், எத்தனையோ பேரைப் படுக்கவைத்த அந்தத் தகரத் தரையில், கிரௌனுக்கு நேர் மேலே கன்னத்தை வைத்துப் படுத்தேன். ஜெட்டி ரோட்டைத் தாண்டி விம்பர்லிகஞ்ச் மேடு ஆரம்பித்தது. ஓவர்சியர் கியரை மாற்றி அழுத்தினார். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். டயர் சரளைக்கல்லை மிதிக்கிறது, மிதிக்கிறது, அவ்வளவுதான், முனகலே இல்லை. தரை மட்டும் என் கன்னத்துக்கு அடியில் இளஞ்சூடாக, ஒரே சீராக அதிர்ந்தது.

மேடு பாதி ஏறியிருந்தோம். இவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். நெற்றியில் அந்த எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. "என்ன நீலா?" என்று கேட்கக் கூடத் தைரியம் வரவில்லை அவருக்கு. மாடு குளிப்பாட்டின கைக்கு இன்னும் கொஞ்சம் தண்டனை இருக்கட்டும் என்று, எனக்கு வந்த சிரிப்பைத் தகரத்தோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, மேடு முடிகிற வரை நான் தலையைத் தூக்கவே இல்லை.