ஒரு நொடி மட்டும் தெரிந்த கருவி

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, நியூ சவுத் வேல்ஸில் ஹே ஊருக்கு வடக்கே உள்ள ஒரு பண்ணையில், செம்மறிகளின் காதில் மாட்டிய மின்னணு வில்லையைப் படிக்கும் கருவி கணினியில் தெரியவில்லை.

பட்டியில் 186 குட்டிகள் நின்றன. பதினொரு மணிக்கு லாரி கிளம்ப வேண்டும். ஒவ்வொரு குட்டியின் வில்லை எண்ணும் எடையும் பட்டியலாக வராவிட்டால் ஏற்ற வேண்டாம் என்று வாங்குகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். அடுத்த லாரி மூன்று வாரம் கழித்துத்தான். அதற்குள் குட்டிகளுக்குப் பல் மாறத் தொடங்கிவிடும். பல் மாறியதைக் குட்டி விலைக்கு யாரும் எடுப்பதில்லை.

அந்தப் பக்கத்தில் எது பழுதானாலும் முதல் குற்றவாளி தூசு. பண்ணைக்காரி கிளெனிஸும் அப்படித்தான் ஆரம்பித்தாள். காற்றுக் குழாயை எடுத்து யுஎஸ்பி துளைகளை ஊதினாள். கேபிளை மாற்றினாள். வேறு துளையில் செருகினாள். ஒன்பது வரை இதிலேயே போயிற்று.

லாரிக்காரர் கோர்ம்லி ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளெனிஸ், பேனான்னு ஒண்ணு இருக்கு. கேள்விப்பட்டிருக்கியா?"

"நம்பர் வில்லைக்கு உள்ள இருக்கு கோர்ம்லி. கண்ணால படிக்க முடியும்னா வா, குனிஞ்சு படி. நான் எழுதிக்கறேன்."

அவர் குனியவில்லை.

ஊதுவதை விட்டுவிட்டு, கணினியை இயக்கும் லினக்ஸ் தனக்குத்தானே எழுதிவைக்கும் பதிவைத் திறந்தாள் கிளெனிஸ். அதைத் திரையில் ஓடவிட்டபடியே கருவியைச் செருகினாள். கருவி வந்தது, அதற்கு ஒரு பெயரும் கிடைத்தது. ஒரு நொடிதான். அடுத்த வரியில் வேறொரு நிரல் அதைப் பிடுங்கிக்கொண்டது. அதற்கடுத்த வரியில் தொடர்பு அறுந்தது. மூன்று முறை செருகினாள். மூன்று முறையும் அதே வரிகள்.

பிடுங்கிய நிரலின் பெயர் அவளுக்குத் தெரிந்ததுதான். அது அவள் கணவர் டெஸ்ஸுக்காகப் போன மாதம் மகள் வந்து போட்டுக்கொடுத்தது. அதற்குப் பிறகு கருவியை இன்றுதான் செருகுகிறாள். டெஸ்ஸுக்குக் கண் போய் மூன்று வருடம். விரல் நுனியில் புள்ளிகளாக எழுத்து எழும் பிரெய்ல் பலகை ஒன்றை இதே கணினியில் மாட்டி, வானிலையையும் மருந்துப் பதிவையும் அவரே படிக்க ஆரம்பித்திருந்தார். வில்லை படிக்கும் கருவிக்குள் இருக்கும் அதே மலிவான சில்லு வேறொரு வகை பிரெய்ல் பலகையிலும் இருக்கிறது. அடையாள எண் ஒன்றுதான் என்பதால், நிரல் கருவியையும் பலகை என்று எடுத்துக்கொண்டது.

கிளெனிஸ் இதைக் கோர்ம்லியிடம் சொன்னதை டெஸ் கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த நிரலைத் தூக்கிடு கிளென். முன்ன நீதானே படிச்சுக் காட்டினே. அப்படியே இருக்கட்டும்."

கோர்ம்லியும் அதுதான் சரி என்றார். மணி ஒன்பது இருபது.

"முடியாது," என்றாள். "தினமும் காலைல நீ காத்து எப்படி, மழை எப்படின்னு கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தது போதும். பத்து நிமிஷம் பேசாம இரு."

எந்தெந்த அடையாள எண்ணைக் கண்டால் நிரல் பாய வேண்டும் என்று ஒரு விதிக் கோப்பு இருந்தது. டெஸ்ஸிடம் அவர் பலகையை எடுத்துவரச் சொல்லி, அதைச் செருகி, அதன் எண்ணை ஒரு அட்டையில் குறித்துக்கொண்டாள். அது வேறு எண். கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு, வரிவரியாகத் தேடினாள். கருவியின் எண் இருந்த வரி ஒன்றே ஒன்று. அதன் முன்னால் ஒரு குறியைப் போட்டு அதைச் செயலற்றதாக்கினாள். விதிகளை மறுபடி ஏற்றி, கருவியைக் கழற்றிச் செருகினாள்.

பெயர் வந்தது. ஒரு நொடி போயிற்று. பத்து நொடி போயிற்று. பெயர் அப்படியே இருந்தது.

"பட்டிக் கதவைத் திற," என்றாள் கோர்ம்லியிடம்.

பத்து ஐம்பதுக்குக் கடைசிக் குட்டி எடைப் பெட்டியைத் தாண்டியது. டெஸ் பலகையை மாட்டிப் பட்டியலை விரலால் படித்துப் பார்த்து, அனுப்பலாம் என்றார். மூன்று குட்டிகள் எடை போதாமல் நின்றுவிட்டன. 183 குட்டிகளுடன் லாரி பதினொன்று இருபதுக்குக் கிளம்பியது.