விதுர்ஷாவின் வளவு

மங்கையற்கரசிக்கு அரசாங்க வீடு வந்துவிட்டது என்று, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அந்த ஊர் முழுக்கச் சொன்னது. பட்டியலில் பெயர் இருந்தது உண்மைதான். பதினேழு வருடமாகத் தகரத்துக்குக் கீழே கிடந்த புருஷன் பெண்சாதி இரண்டு சீவன்களுக்கு மீள்குடியேற்றத் திட்டத்தில் இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் ஒரு விறாந்தை. ஆனால் பெயர் வந்தால் போதுமா, பிள்ளைகளே? காணி உறுதிப் பத்திரமும் சரியாக இருக்கவேண்டும்.

பிரதேச செயலகத்தில் வீட்டுத் திட்டத்தைப் பார்க்கிற அஸ்மியா, ஏறாவூர்ப் பிள்ளை, உறுதியை இரண்டு தரம் புரட்டினாள்.

"அம்மா, இது உங்கட பேர்ல இல்லயே. விதுர்ஷா எண்டு இரிக்கி."

"அது என்ட மகள்தான், புள்ள."

"அப்ப ஒரு நாளைக்கு அவவக் கூட்டி வாங்க. சம்மதக் கையெழுத்து ஒண்டு வெச்சாப் போதும்."

மங்கையற்கரசி உறுதியில் அந்தப் பெயரை விரலால் தடவினாள். அஸ்மியாவுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

அந்தப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் பேசும்போது எழுதிக்கொடுப்பார்கள். மங்கையற்கரசி அதுவரை பொறுக்கவில்லை. சண்டைக் காலம், தான் செத்துப்போனால் பிள்ளை வளவில்லாமல் நிற்குமே என்று பயந்து, மகளுக்கு ஏழு வயதிலேயே களுவாஞ்சிக்குடியில் உறுதி எழுதுகிறவரிடம் போய் எழுதிவிட்டாள். தான் இருக்க மகள் போவாள் என்று எந்தத் தாய் நினைப்பாள்? அடுத்த வருடம் ஷெல்லுக்குப் பயந்து வாவியைக் கடக்கும்போது தோணி கவிழ்ந்தது. பிள்ளை உயிரோடும் கிடைக்கவில்லை, உடலாகவும் கிடைக்கவில்லை. எவரோ தூக்கியெடுத்து வளர்க்கிறார்கள் என்றுதான் அவள் இவ்வளவு காலமும் மனதில் வைத்திருந்தாள்.

"மரணப் பதிவு இரிந்தா காணி தாய் தகப்பனுக்கு வரும்," என்று அஸ்மியா குரலைத் தாழ்த்தினாள். "இந்த மாசத்துக்குள்ள வராட்டி வீடு வேற ஆளுக்குப் போயிரும். நான் போட்ட சட்டமில்ல, அம்மா."

வீட்டில் புருஷன் சாமித்தம்பி வாசலில் காத்திருந்தார்.

"என்ன கா, கல்லு மண் எப்ப கொண்டுவந்து பறிக்காங்களாம்? ரெண்டு அறையெண்டா ஒண்ட உன்ட குறட்டைக்குக் குடுத்திரலாம்."

மரணப் பதிவு கேட்கிறதை அவள் சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது.

"நமக்கு வீடு வேணா. எனக்கு இந்தத் தகரம் காணும், இதே போதும்," என்றார். அதைச் சொல்லி முடிக்குமுன் இருமல் வந்து குனிந்துவிட்டார். போன மாரி மழையில் மூச்சிழுப்பு முற்றி அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது அவளுக்கு நினைவில் வந்தது.

"வாய் காணும் எண்டுது. நெஞ்சு சொல்லல்லயே," என்றாள்.

மறுகிழமை பதிவாளர் கேட்டார்: "எந்தத் திகதியில இறந்தவ?"

"தோணி கவுண்ட திகதி தெரியும், ஐயா. செத்த திகதி தெரியா."

"ரெண்டும் ஒண்டுதானே, அம்மா."

"உங்களுக்கு ஒண்டு," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

மற்றத் தாய்மார் மகளுக்கு வளவு கொடுப்பார்கள். இவள் மகளிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

மாரிக்கு முன்னமே வீடு எழும்பிவிட்டது. படம் எடுக்க வந்த அஸ்மியா பார்த்தால், கூட்டித் துடைத்த வீடு வெறுமையாகக் கிடக்கிறது; இருவரும் பின்னால் பழைய தகரத்துக்குக் கீழேயே இருக்கிறார்கள்.

"குடி போகல்லயா, அம்மா? ஆள் இல்லாட்டி மேல கேப்பாங்க."

"மகள்ட வீடு, புள்ள. குடுத்த பிறகு தாய் தகப்பன் பின்வளவுலதானே இரிக்கிற?"

அஸ்மியாவின் உம்மாவும், மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, பின்னால் ஒரு சின்ன அறையில்தான் இருக்கிறா. அவள் இருவரையும் வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மழை பிடித்த மூன்றாம் நாள் பின்னேரம் சாமித்தம்பிக்கு இழுப்புத் தொடங்கியது. அவள் அவரைத் தாங்கிக் கொண்டுவந்து புது வீட்டு விறாந்தையில் பாய் விரித்துக் கிடத்தினாள். இனி நனையமாட்டார் என்றுதான் நினைத்தாள். காற்று திரும்பி, சாரல் பாயை நனைத்தது. அவர் மூச்சுக்காக வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மங்கையற்கரசி எழும்பி, அயல் வீட்டுக்கு வந்தவளைப்போலக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"புள்ள, அப்பாக்கு ஏலாம இரிக்கி," என்று மெல்லச் சொன்னாள்.

கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு தானே கதவைத் திறந்து, அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.