காலுறைப் பரீட்சை

முக்குளிப்பு வழிகாட்டி வேலை கேட்டு வருகிறவர்களிடம் மிஸ் வெர்லா சான்றிதழைப் பார்ப்பதில்லை. கால்சட்டைப் பையைத்தான் பார்ப்பாள். அதுவும் கடலுக்கடியில், எட்டு மீட்டர் ஆழத்தில், கண்ணைக் கட்டிவிட்டு.

கட்டுவதற்கு அவளுடைய பழைய கருப்புக் காலுறைகள் இருந்தன. மாஸ்க்கின்மேல் ஒன்றை இழுத்து மாட்டினால் உச்சிவெயிலும் அமாவாசைதான். பிறகு மணிக்கட்டைப் பிடித்து அழுத்துவாள். ஓர் அழுத்தம் மாற்று மாஸ்க். இரண்டு மிதவை. மூன்று சிலேட், நான்கு டார்ச், ஐந்து நூலறுக்கும் கத்தி. பத்து எண்ணுவதற்குள் பொருள் அவள் கைக்கு வர வேண்டும். மணலில் எதையாவது தவறவிட்டாலும் போச்சு, காலுறையைக் கழற்றினாலும் போச்சு. ஆழத்தில் ஒரு விருந்தாளியின் மாஸ்க் உடையும்போது பையைக் குனிந்து பார்த்துத் துழாவுகிறவள் அவனைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இது மிஸ் வெர்லாவின் கட்சி.

இந்தப் பருவத்துக்கு ஒரே ஓர் இடம். கேட்டவர்கள் இருவர். கெர்வின் தீவுக்காரன், படகோட்டி ஹூபர்ட்டின் மருமகன். தோற்றால் மாமாவின் படகில் நங்கூரம் போடுவான். நோல்வியா பெருநிலத்திலிருந்து வந்த ஸ்பானிய மொழிக்காரி. தோற்றால் மிஸ் வெர்லாவின் முக்குளிப்புக் கடையின் பின்னாலிருக்கும் தொட்டிக்குத்தான் திரும்ப வேண்டும். விருந்தாளிகள் உள்ளுக்குள்ளேயே ஒன்றுக்குப் போன ரப்பர் உடைகளை அங்கேதான் மூன்று வருடமாக அலசிக்கொண்டிருக்கிறாள்.

படகு பவளத்திட்டை நெருங்கும்போதே ஹூபர்ட் ஆரம்பித்துவிட்டார்.

“ஏ ஸ்பானியக்காரி, தொட்டித் தண்ணிய மாத்திட்டு வந்தியா? மத்தியானம் அங்கதான நிக்கப்போற.”

“மாத்திட்டேன் கேப்டன். ஒங்க மருமகன் எறங்கிக் குளிக்கலாம், அவ்வளவு சுத்தம்.”

கெர்வின் சிரித்தான். “நேத்து பலேயாதா ரொட்டிக் கடையில நின்னுக்கிட்டு ஒன் தொடைய நீயே தடவிட்டு இருந்தியாமே? கண்ண வேற மூடிட்டு! கடைக்காரி பயந்துட்டாளாம்.”

“பழகுனேன்டா. நீயும் பழகியிருக்கலாம்.”

“எனக்கெதுக்கு? என் பையில எல்லாம் இருக்கு. கைய விட்டா ஏதோ ஒண்ணு வரும்.”

“ரெண்டு பேரும் வாய மூடி ரெகுலேட்டரக் கவ்வுங்க” என்றாள் மிஸ் வெர்லா.

இறங்கினார்கள். மணலில் அருகருகே முழங்காலிட்டார்கள். காலுறை வந்து கண்ணை மூடியது. நோல்வியாவின் இடது மணிக்கட்டு மிஸ் வெர்லாவின் ஒரு கையில், கெர்வினின் வலது மணிக்கட்டு இன்னொரு கையில். அவரவர் மூச்சுக் குமிழிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

ஓர் அழுத்தம்.

நோல்வியா தயங்கவேயில்லை. மாற்று மாஸ்க்குக்கு இடது பையின் அடி. அங்கே எலாஸ்டிக் வளையம் தைத்து அதில் கொக்கியால் மாட்டியிருந்தாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை போகும். கை போனது. வளையத்தைக் காணோம். கொழகொழவென்று ஏதோ அகப்பட்டது. இழுத்தாள். பிளாஸ்டிக் பை. அது வாயைப் பிளந்துகொண்டது.

அடுத்த நொடி அவளுடைய விரல்களை யாரோ முத்தமிட்டார்கள். யாரோ இல்லை, முப்பது நாற்பது பேர். மஞ்சள்வால் மீன்கள் கையை மொய்த்து, காதை இடித்து, காலுறைக்குள் மூக்கை நுழைத்தன. அவற்றுக்கு இப்படிக் கொண்டாட்டம் தருவது ஒன்றே ஒன்றுதான்: பீன்ஸ் தடவிய பலேயாதா.

யார் பையில் பலேயாதா வைப்பார்கள்?

மனதுக்குள் எண்ணிக்கை ஓடியது: மூன்று, நான்கு. காலிப் பையைச் சட்டைக் கைக்குள் திணித்துக்கொண்டு மறுபடி துழாவினாள். பற்கள் வரிசையாக விரலில் கீறின. சீப்பு! எட்டு மீட்டர் ஆழத்தில் சீப்பு வைத்திருப்பவன் இந்தத் தீவில் ஒருத்தன்தான், கெர்வின். கடையின் கால்சட்டைகள் எல்லாம் ஒரே கருப்பு, ஒரே அளவு. காலையில் ஹூபர்ட் ஹாரனை அலறவிட்டபோது கொடியில் கைக்கு வந்ததை உருவி மாட்டிக்கொண்டு ஓடியது அப்போதுதான் உறைத்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீருக்கடியில் சிரித்தால் கன்னம் உப்பி மாஸ்க்குக்குள் தண்ணீர் புகும். புகுந்தது. மூக்கில் உப்பு ஏறியது. ஐந்து, ஆறு. வேலை போகிறது, சிரிப்பு நிற்கவில்லை.

நான் அவன் கால்சட்டையில் இருக்கிறேன் என்றால், என்னுடையது எங்கே?

ஏழு. வலப்பக்கம் கையை நீட்டினாள். ஒரு தொடை. பை, ஜிப், அடி, வளையம், கொக்கி. மாஸ்க் சமர்த்தாகக் கழன்று வந்தது. ஒன்பதாவது எண்ணில் அது மிஸ் வெர்லாவின் கையில் இருந்தது.

கெர்வின் துள்ளினான். கண் தெரியாத இருட்டில் தொடைப் பைமேல் ஏதோ ஊர்ந்து ஜிப்பைத் திறந்தால் யாருக்கும் விலாங்கு ஞாபகம்தான் வரும். எழுந்து ஓடவும் முடியவில்லை, ஒரு மணிக்கட்டு மிஸ் வெர்லாவின் பிடியில்.

இரண்டு அழுத்தம். நோல்வியா அவன் மடியின் குறுக்கே சாய்ந்து மறுபக்கப் பையிலிருந்து மிதவையை எடுத்தாள். மூன்று அழுத்தம். சிலேட். கெர்வின் பொறுக்க முடியாமல் காலுறையைப் பிடுங்கி எறிந்தான். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி ஒருத்தி குருட்டு முகத்தோடு தன் தொடையில் கடை நடத்துவதைப் பார்த்து, ரெகுலேட்டருக்குள்ளேயே கத்தினான். டார்ச். கத்தி.

படகில் ஏறியதும் மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல் முறையிட்டான்.

“மிஸ் வெர்லா, அவ என் பையில கைய வுட்டா! இதெல்லாம் ஒரு பரீட்சையா?”

“என் பைடா அது! ஒன் பையில பலேயாதாவும் சீப்பும்தான் இருந்துச்சு.”

“பலேயாதாவா? முழுசா ஒண்ணு வச்சேன்! அது எங்க?”

“வெர்லா, இது நியாயமில்ல” என்றார் ஹூபர்ட். “கால்சட்ட மாறிப்போச்சு. திரும்ப வைக்கணும்.”

மிஸ் வெர்லா ஐந்து பொருள்களையும் பலகையில் பரப்பியிருந்தாள். ஈரத் தலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். “மாறுனது ரெண்டு பேருக்கும்தான ஹூபர்ட்? ஒருத்தி எங்க இருக்குன்னு யோசிச்சா. ஒருத்தன் காலுறையப் புடுங்குனான். நான் கேட்டது என் கைக்கு வந்துச்சு. அது யார் தொடையில இருந்து வந்துச்சுன்னு நான் கேக்கவே இல்ல.”

“அப்போ...” என்றாள் நோல்வியா.

“ரெண்டு மணிக்கு ஆறு பேர் வராங்க. நீதான் கூட்டிட்டுப் போற. மொதல்ல அந்தக் கால்சட்டையக் கழட்டு, மீன் நாத்தம்.”

ஹூபர்ட் எஞ்சினைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். “அப்போ தொட்டிக்கு யாரு?” என்று கெர்வின் மெதுவாகக் கேட்டான்.

நோல்வியாவுக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. இவர்கள் முன்னால் எப்படிக் கத்துவது? படகின் ஓரத்தில் கவிழ்ந்து படுத்து, முகத்தைக் கடலுக்குள் விட்டு, மூச்சு தீரும்வரை கத்தினாள். குமிழி குமிழியாகப் பொங்கியது.

படகில் இருந்த மூவருக்கும் அது நன்றாகவே கேட்டது.