கொம்மியஸின் மகன்

றொய்சனுக்கு ஆறு வயதானபோது அவனுடைய தாய் யோகமலர் அன்புராசாவை மறுமணம் செய்தாள். மில்லிக்கனில் ஒரே வீட்டில் இருபது வருடம் ஒன்றாக இருந்தும் அவன் அவரை "அங்கிள்" என்றுதான் கூப்பிட்டான். அன்புராசா அதை மாற்றச் சொல்லிக் கேட்டதில்லை.

ரோமர் வருமுன் பிரித்தானியாவை ஆண்ட கெல்டிக் அரசர்களின் சின்னஞ்சிறு வெள்ளிக் காசுகள் என்றால் றொய்சனுக்குப் பைத்தியம். நாணயக் கண்காட்சி எங்கே நடந்தாலும் அன்புராசாதான் காரில் கூட்டிப்போவார். இருவரும் கண்ணாடிப் பெட்டிகளின் மேல் குனிந்து நிற்பார்கள்.

போன மாசியில், விட்பியில் வேலை முடிந்து வரும்போது கார் பனியில் சறுக்கி றொய்சன் இறந்துபோனான்.

செத்தவீட்டில் ஐயர், "தகப்பன் முன்னுக்கு வாங்கோ" என்றார். அன்புராசா ஓரடி எடுத்து வைத்தார். அதற்குள் மொன்றியலிலிருந்து வந்திருந்த பெற்ற தகப்பன் எழுந்து போய், தர்ப்பைக்கு விரலை நீட்டினான். யோகமலர் தலை நிமிரவில்லை. அன்புராசா பின்வரிசைக்குப் போய், வந்தவர்களோடு வந்தவராக நின்றார்.

இரண்டு கிழமை கழித்து, றொய்சன் கலியாணம் கட்டவிருந்த நிலக்சி வந்தாள். அவள் நீட்டிய பெட்டிக்குள் நகமளவில் ஒரு வெள்ளிக் காசு.

"லண்டனிலயிருந்து இப்பதான் வந்தது அங்கிள். உங்கட பேர்த்டேக்கு எண்டு றொய்சன் ஓடர் பண்ணினது."

அதில் தேய்ந்திருந்த எழுத்துகள் அவருக்குப் பிடிபடவில்லை.

"வெரிகா எண்ட ராசான்ர காசாம். 'கொம்மியஸின் மகன்' எண்டு எழுதியிருக்காம். கொம்மியஸ் உண்மையா அவரைப் பெத்தவரோ எண்டு ஆருக்கும் நிச்சயமாத் தெரியாதாம். ஆனா தன்ர காசில அப்பிடித்தான் போட்டவராம்." நிலக்சி காசை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். "இதைக் குடுத்திட்டு உங்களை அப்பா எண்டு கூப்பிடப்போறன் எண்டு சொன்னவர். சும்மா கூப்பிட வெக்கமா இருக்காம்."

"எப்ப சொன்னவன்?"

"பொங்கலண்டைக்கு."

பொங்கலன்று முழுநாளும் அவன் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தான்.

நிலக்சி போனபின் யோகமலர் வந்து அருகே இருந்தாள். "செத்தவீட்டில ஐயர் கேக்கேக்க நான் உங்களைத்தான் கூப்பிட்டிருக்கவேணும்" என்றாள்.

"நானும் போயிருக்கலாம்."

செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அவளுடைய தோளில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதார்.