நோயாளி இல்லாத பயோடேட்டா

டாக்டருக்கு பயோடேட்டா எழுதத் தெரியாது. கேஸ் ஷீட் எழுதித்தான் பழக்கம். அதனால் தன்னைப் பற்றியும் அப்படியே எழுதிவைத்தார்: ‘நடுத்தர வயது ஆண். நீண்ட காலமாக ஒரே கிளினிக்கில் இருக்கிறார். காய்ச்சல், சர்க்கரை, மூச்சுத்திணறல் நோயாளிகளைப் பார்த்துவருகிறார். வேறு தொந்தரவு எதுவும் இல்லை.’

அதைப் படித்த மைத்துனி வயிறு வலிக்கச் சிரித்தாள். கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலை அவளுக்கு. மூட்டை மூட்டையாக பயோடேட்டா படித்துக் குப்பையில் போடுகிறவள்.

“அத்தான், இது வேலைக்குப் போறவர் எழுதுன மாதிரி இல்ல. அட்மிட் ஆகப் போறவர் எழுதுன மாதிரி இருக்கு.”

சுருக்கென்றது. ஆனாலும் டாக்டர் பொறுத்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் பொது மருத்துவ வார்டுக்குத் தலைமை டாக்டர் கேட்டிருந்தார்கள். கிளினிக் முதலாளி விரட்டுகிற விரட்டில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிடுகிறார். நிதானமாக நாலு வார்த்தை பேசி வைத்தியம் பார்க்க ஒரு வார்டு வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

மைத்துனி களத்தில் இறங்கினாள். மருந்து ஃபிரிட்ஜ் மக்கர் செய்தபோது மெக்கானிக்குக்குப் போன் போட்டது ‘உள்கட்டமைப்பு மேலாண்மை’ ஆனது. நர்ஸுகளின் சண்டையை விலக்கிவிட்டது ‘மனிதவள ஒருங்கிணைப்பு’ ஆனது. சாப்பாட்டுக்காகப் போய்ப் பின்வரிசையில் குறட்டை விட்ட கருத்தரங்கெல்லாம் ‘பன்னாட்டு அனுபவம்’.

“நோயாளி பாத்ததக் காணோமேம்மா?”

“எல்லா டாக்டரும்தான் பாக்குறாங்க. அதப் போட்டு எதுக்கு இடத்த அடைக்கணும்?”

படிக்கப் படிக்க அவருக்கே தலை கிறுகிறுத்தது. இப்பேர்ப்பட்ட மனிதரை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. அந்த மிதப்பில், நேர்காணலுக்கு முன்பே கிளினிக் வேலையை விட்டுத் தொலைத்தார். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

நேர்காணலில் குழுத் தலைவர் பயோடேட்டாவைத் தடவிக்கொடுக்காத குறை.

“பிரமாதம் டாக்டர்! உங்களப் போய் வார்டுல போட்டு வீணடிப்போமா? நிர்வாகத்துல தர மேம்பாட்டுப் பிரிவுக்கே இனி நீங்கதான் தலைவர்.”

“சார், எனக்கு நோயாளிங்களப் பாக்கணும்னுதான்...”

“அதுக்கு ஆள் கெடைப்பாங்க. இதுக்கு ஆள் கெடைக்கணுமே!”

திரும்பிப் போகக் கிளினிக்கும் இல்லை. மென்று விழுங்கிவிட்டுத் தலையாட்டினார். செய்தி கேட்ட மைத்துனிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில், கழுத்தில் ‘நிர்வாகம்’ என்ற அட்டையும் கையில் கோப்புமாக வார்டைக் கடந்துகொண்டிருந்தார். சுவரோரக் கட்டிலில் ஒரு பெண் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். கோப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அவளை நிமிர்த்தி உட்காரவைத்து நாடி பிடித்தார். “பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்” என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் மனசு நிறைந்தது.

நர்ஸ் பதறியடித்துக்கொண்டு வந்தாள்.

“சார், கைய எடுங்க! டாக்டர் வந்துட்டு இருக்காரு.”

“நானும் டாக்டர்தாம்மா.”

அவள் அட்டையைப் பார்த்தாள். “அப்படி ஒண்ணும் போடலையே சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. தள்ளி நிற்கத்தான் பார்த்தார். நோயாளி அவர் கையை விடவில்லை. நர்ஸ்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.