டாக்டர் ஓடச் சொன்னார்

மகள் விடியற்காலையில் ஓடுவதற்குத் தெருவுக்குச் சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. முப்பத்திரண்டு வருடம் தபால் நிலையத்தை நடத்தி, ஒரு கடிதத்தைக்கூட வாசல் மாறிப் போகவிடாத மனிதருக்குக் காரணம் கண்டுபிடிப்பதா பெரிது? "மூச்சிரைப்பு. டாக்டர் தினமும் ஓடச் சொல்லியிருக்கார்" என்று போஸ்ட்மாஸ்டர் சொல்லிவிட்டார்.

மூச்சிரைப்பு உள்ளவளை எந்த டாக்டர் ஐந்து கிலோமீட்டர் ஓடச் சொல்வார் என்று ஒருவரும் கேட்கவில்லை. போஸ்ட்மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். அந்தத் தெருவில் அவருக்கு அப்படி ஒரு பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் பொய்யே சொன்னார்.

விஷயம் இதுதான். போலீஸ் படையில் பெண்களை எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும், அவருடைய ஒரே மகள் யாரையும் கேட்காமல் விண்ணப்பம் போட்டாள். எழுத்துத் தேர்விலும் தேறினாள், ஓட்டத்திலும் தேறினாள், மருத்துவப் பரிசோதனையிலும் தேறினாள். வீட்டுப் பெண் காக்கி போட்டுக்கொண்டு குடிகாரர்களைத் துரத்துவதா? ஒரு மாதம் அவளோடு அவர் பேசவில்லை. உப்பு ஜாடி அவள் கைக்குப் பக்கத்தில் இருந்தாலும், "உன் பொண்ணைக் கொஞ்சம் உப்பு தள்ளச் சொல்லு" என்று மனைவியிடம்தான் சொல்வார்.

அவள் அழுதிருந்தால் சம்மதித்திருக்க மாட்டார். அவள் அழவில்லை, முதுகு வளையாமல் எதிரே நின்றாள். அப்படி நிற்பது அவருடைய வழக்கம். வேறு வழியில்லாமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் வேலை உத்தரவு கைக்கு வரும்வரை தெருவுக்குத் தெரியக்கூடாது என்பது கட்டளை. பயிற்சிக்குத் தயாராக அவள் ஓடியதை மறைக்கத்தான் அந்த மூச்சிரைப்பு. நன்னடத்தை விசாரணைக்காக அக்கம்பக்கத்தில் மரியாதைக்குரிய மூன்று பேரைக் குறிப்பிடச் சொன்னபோது, முத்து முத்தான கையெழுத்தில் தானே எழுதினார்: எதிர்வீட்டு வாத்தியாரம்மா, மருந்துக்கடைக்காரர், மூலைவீட்டுத் தையற்காரர். குடும்பம் நல்ல குடும்பமா என்று கேட்பார்கள், மூவரும் ஆமாம் என்பார்கள். வேறென்ன கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தார்.

பட்டப்பகல் பதினோரு மணிக்கு வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. தொப்பியும் பெல்ட்டுமாக ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

"ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்தியிருக்கலாமேம்மா" என்றார் போஸ்ட்மாஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏன் சார், அங்க நிழலா?"

அந்த அம்மாள் உட்கார்ந்து மூன்று காகிதங்களை மேசையில் வைத்தார். மூன்று பேரையும் ஏற்கெனவே பார்த்து, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

"வாத்தியாரம்மா சொல்றாங்க: தங்கமான பொண்ணு, பாவம், மூச்சுதான் பத்தாது. மருந்துக்கடைக்காரர், ஆறு பாட்டில் சிரப் குடுத்திருக்கேன்கிறார். தையற்காரர் சொல்றது, நாலு எட்டு வச்சா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடும்."

"அவன் எப்ப பாத்தான்?" என்று வெடித்தார் போஸ்ட்மாஸ்டர்.

"விண்ணப்பத்துல நோய் எதுவும் இல்லைன்னு இருக்கு. மூணு பேர் இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நோயை மறைச்சதா அறிக்கை போனா, இந்த வேலை மட்டும் இல்ல, எந்த அரசாங்க வேலையும் கிடைக்காது. சாயங்காலம் நான் அனுப்பியாகணும்." அவர் பெண்ணைப் பார்த்தார். "யாரும்மா இப்படிச் சொன்னது?"

மகளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்றவரை வெளியாள் முன்னால் பொய்யர் என்று சொல்வதைவிட வேலை போனால் போகட்டும் என்று நின்றாள்.

"வாயைத் திறங்களேன்!" என்றாள் மனைவி.

போஸ்ட்மாஸ்டருக்குக் காது மடல் சிவந்தது. "நான்தான் சொன்னேன். பொய்."

"எங்கிட்ட சொன்னா ஆகாது சார். அவங்க மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடணும்."

சட்டையை மாட்டிக்கொண்டு அவர் இறங்கினார். பின்னால் சப்-இன்ஸ்பெக்டர், அவருக்குப் பின்னால் மகள். திரைச்சீலை விலகாத ஜன்னல் ஒன்றுகூட இல்லை.

வாத்தியாரம்மா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "நீங்களாவது பொய் சொல்றதாவது! போலீஸ் மிரட்டுதாண்ணா? பொண்ணுக்கு நோய்னா என்ன, நாங்க இருக்கோம்!"

"நோய் இல்லம்மா. இவ போலீஸ் வேலைக்குப் போகப் போறா. அதை மறைக்கத்தான் சொன்னேன்."

"போலீஸா? உங்க வீட்டுப் பொண்ணா? இதைத்தான் என்னால நம்ப முடியல."

குரல் கேட்டு மருந்துக்கடைக்காரர் கடையை விட்டு வந்தார். "அப்ப அந்த ஆறு பாட்டிலு?"

"தொட்டிச் செடிக்கு ஊத்தினோம்."

"சும்மா இருங்க சார். நீங்க மருந்தை வீணாக்குற ஆளா?"

கழுத்தில் அளவு நாடாவோடு தையற்காரரும் வந்து சேர்ந்தார். "பெரியவரே, என் கண்ணால பாத்தேன். நெஞ்சைப் பிடிச்சுது."

"எங்கய்யா பாத்த?"

"பாத்த மாதிரி இருக்கு."

போஸ்ட்மாஸ்டர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்த நல்ல பெயர் இப்போது சுவர் மாதிரி குறுக்கே நின்றது. உண்மையைச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. சொன்ன ஒரே பொய்யை மூன்று பேரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் பொய் சொன்னேன்னு நானே சொல்றேன், கேக்க மாட்டீங்களா?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

அவர் திரும்பினார். இத்தனை நாளுக்குப் பிறகு மகளை நேருக்கு நேர் பார்த்தார். இருட்டில் ஓடு, முக்காடு போட்டுக்கொண்டு ஓடு, ஆள் வந்தால் நட என்று சட்டம் போட்டவர் அவர்தான்.

"செருப்பைக் கழட்டும்மா. அந்தத் தண்ணித் தொட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வா. நாலு தரம்."

"இப்பவாப்பா? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்னுதான் சொல்றேன்!"

அவள் செருப்பை அப்பாவின் காலடியில் விட்டுவிட்டு ஓடினாள். தெரு வாசலுக்கு வந்தது. முதல் சுற்றில் வாத்தியாரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது சுற்றில் மருந்துக்கடைக்காரர் பேனாவைத் தேடினார். நான்காவதில் அவள் வந்து நின்றபோது முகம் வியர்த்திருந்தது. மூச்சு சீராக இருந்தது. நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, முதுகு வளையாமல் நின்றாள்.

இரண்டு கையெழுத்துகள் விழுந்தன. தையற்காரர் மட்டும் பேனாவை வாங்காமல் தாடையைத் தடவினார். "வெயில்ல கண்ணு கூசிடுச்சு. நான் சரியாப் பாக்கல."

போஸ்ட்மாஸ்டர் குனிந்து, மகளின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் ஓடும்மா" என்றார். "இந்த ஆளு நிழலுக்கு வந்து நிக்கட்டும்."