பழைய மதிப்பெண்

"தண்ணியை ஆசிட்ல ஊத்தப் போறீங்க, மிஸ்டர் ஓ."

முதல் மேசையிலிருந்த மாணவி தெல்மா சொன்ன பிறகுதான் லைல் ஓஸ்ட்ராண்டர் தன் கையைப் பார்த்தார். கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர். கீழே கந்தக அமிலம். அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும் என்பது வருடா வருடம் அவர் நடத்தும் முதல் பாடம்.

"யாராவது முழிச்சிருக்கீங்களான்னு பார்த்தேன்."

வகுப்பு சிரித்தது. தெல்மா சிரிக்கவில்லை. லைல் குவளையைக் கீழே வைத்தார், அன்று அதைத் திரும்பத் தொடவில்லை.

விஸ்கான்சினில் இந்தப் பள்ளிக்கு வேதியியல் சொல்லித்தர வருமுன், பதினோரு வருடம் அவர் தொழில்முறையில் அமெரிக்கக் கால்பந்து, கையால் எறிந்து முட்டி மோதி ஆடும் ஆட்டம், ஆடியவர். பந்தை எறிபவரும் இல்லை, பிடிப்பவரும் இல்லை. முன்வரிசையில் குனிந்து நின்று, எதிரில் வருகிறவனைத் தலையால் முட்டித் தடுப்பதுதான் வேலை. அதே வரிசையில் ஆடிய இருவருக்கு ஐம்பது வயதுக்குள் புத்தி தடுமாறிவிட்டது. ஒருவருக்குப் பெற்ற மகளின் பெயரே தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே மனைவி கொரின் அவரை மூளை மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் ஹேகன் பதினைந்து வார்த்தைகளைப் படித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் சொன்னார். கணினியில் கட்டங்களைக் காட்டி நினைவுபடுத்தச் சொன்னார். பிறகு, இதே சோதனையில் அன்று அவர் வாங்கிய மதிப்பெண் என்று பழைய அணி அனுப்பியிருந்த தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

"இருபத்தஞ்சு வயசுல எடுத்ததைவிட இப்ப ரெண்டு மார்க் கூட வாங்கியிருக்கீங்க. அசதிதான். பயப்பட ஒண்ணுமில்லே."

கொரின் பெரிதாக மூச்சு விட்டாள். "கேட்டியா? ஆறரை அடி உசரத்துக்கு ஒரு பயந்தாங்கொள்ளி. வா, மீன் வறுவல் சாப்பிடப் போலாம்." கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

லைல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்தப் பழைய மதிப்பெண் வந்த விதம் அவருக்குத்தானே தெரியும். பயிற்சி முகாமின் முதல் நாள், வரிசையாகக் கணினிகள். பக்கத்து நாற்காலியில் டஃபோயா, முன்வரிசையின் மூத்த ஆள். "டேய், நல்லா மார்க் வாங்கித் தொலைச்சிடாதே. மண்டையில அடிபட்டா இதை வச்சுத்தான் அளப்பானுங்க. இப்பவே மட்டமாப் போட்டு வை. அடிபட்டாலும் அதே மார்க் வரும், ஞாயித்துக்கிழமை மேட்ச்ல ஆட விடுவானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் அப்படியே செய்தார்கள். லைல் மூன்றுக்கு ஒன்று வேண்டுமென்றே தப்பாக அழுத்தினார். பிறகு மூன்று தடவை, தலையில் அடிபட்டு, எந்த ஊரில் ஆடுகிறோம் என்றே தெரியாத நிலையில், அந்த மதிப்பெண் அவரைத் தேர்ச்சி பெற வைத்தது.

அன்று பொய்யாகத் தோற்றவர் இன்று உண்மையாகவே அந்த அளவுக்கு இறங்கியிருந்தார்.

வாயை மூடிக்கொண்டு எழுந்து போகலாம். மருத்துவரே நல்ல சீட்டு கொடுத்துவிட்டார். ஆனால் திங்கட்கிழமை ஆய்வகத்தில் இருபத்தாறு பிள்ளைகள் அவரை நம்பி மேசையைச் சுற்றி நிற்பார்கள். தெல்மா அன்று வராமல் போனால்?

"டாக்டர், அந்தப் பழைய தாள் பொய். வேணும்னே தப்பாப் பண்ணேன். நாங்க எல்லாருமே அப்படித்தான்."

ஹேகன் அதை மடித்து ஓரமாக வைத்தார். வேறொரு அட்டவணையை எடுத்து, அவர் வயதுக்காரர்களின் மதிப்பெண் வரிசையில் லைலின் இடத்தைத் தேடி விரலை நகர்த்தினார். விரல் கீழே, கீழே போய், கடைசி வரிக்குப் பக்கத்தில் நின்றது.

"திங்கக்கிழமை வகுப்புக்குப் போகாதீங்க," என்றார் மெதுவாக. "ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்."

கொரின் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெளியில போய் எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தக் கதவைத் தாண்டியிருந்தா," என்றார் லைல், "உங்கிட்டகூடச் சொல்லியிருக்க மாட்டேன்."